நாலு காலிலேயே இருக்கட்டும்

என் தங்கை வெளிநாடு போனபோது என்னிடம் ஒரு மிருகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாள். அதற்குச் சோறு வைக்க வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம். ஒரே ஒரு வேலைதான்: அது எழுந்து நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

அது உயிருள்ள மிருகம் இல்லை. உள்ளங்கை அகலமுள்ள வீடியோ கேம் கருவி ஒன்றுக்குள் இருந்தது. காடு, குளம், குகை என்று அலைந்து, விதவிதமான ஜந்துக்களைப் பிடித்து, உருண்டைக்குள் அடைத்து, வளர்த்து, சண்டைக்கு விடுகிற விளையாட்டு. விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலத்தில் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. என் பள்ளித் தோழிக்குக் கோட்டக்குப்பத்தில் சொந்தக்காரர்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வளைகுடாவிலிருந்து புதிது வந்ததும் பழையது தோழியிடம் வந்தது. அவளுக்கு அலுத்ததும் என்னிடம் வந்தது. எனக்குப் பதினாறு வயது, தங்கைக்குப் பத்து. ஒரே வாரத்தில் அது அவளுடையதாகிவிட்டது. தங்கச்சி இருக்கிற வீட்டில் எந்தப் பொருள்தான் அக்கா கையில் நிற்கிறது?

அவள் முதலில் பிடித்தது கீரிப்பிள்ளை மாதிரியான ஒன்று. முயல் காது, வால் நுனியில் அகல் திரி போல ஒரு சின்ன வெளிச்சம். கண்கள் இரண்டும் முகத்தின் இரு பக்கங்களில் இருக்கும். அதைக் குட்டி என்றுதான் கூப்பிடுவாள். விளையாட்டில் நாம் நடந்தால் அதுவும் பின்னாலேயே ஓடி வரும். நின்று திரும்பினால் தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அதை நடக்கவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். சண்டை, ஜெயிப்பு எல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம்தான்.

ஆனால் அந்த விளையாட்டில் ஜந்துக்கள் வளரும். ஒரு கட்டம் வந்ததும் திரை வெள்ளையாகிவிடும். ஒரு மியூசிக் ஆரம்பிக்கும். அது முடியும்போது பழைய உருவம் போய்ப் புது உருவம் நிற்கும். குட்டி வளர்ந்தால் எப்படி இருக்கும் என்பது கூடவே வந்த புத்தகத்தில் படமாகப் போட்டிருந்தது. இரண்டு காலில் நின்றது. இடுப்பு இருந்தது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டிருந்தது. கண்கள் முன்பக்கம் வந்து, மேலே புருவம்கூட முளைத்திருந்தது.

“இதுக்கு காக்கி மாட்டிவிட்டா டிராஃபிக் போலீஸ்க்கா” என்றாள் தங்கை. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள்.

தடுக்க ஒரு வழி இருந்தது. மியூசிக் முடிவதற்குள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மியூசிக் பாதியில் அறுந்துவிடும், ஜந்து பழையபடியே நிற்கும். ஆனால் அதோடு விடாது. அடுத்த முறை வளரும்போது மறுபடியும் வெள்ளைத் திரை, மறுபடியும் மியூசிக். ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும். வருடக்கணக்காக அவள் அழுத்தினாள்.

“மியூசிக் முடிஞ்சப்புறம் அழுத்தினா என்னாவும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்ணும் ஆவாது. முடிஞ்சா முடிஞ்சதுதான்” என்றாள்.

எனக்கு அவளுடைய பிடிவாதம் புரிந்ததே இல்லை. எனக்கு நிற்கிற ஜந்துக்களைத்தான் பிடிக்கும். முகத்தைப் பார்த்தால் கோபமா, சந்தோஷமா என்று தெரிய வேண்டும். கையைத் தூக்க வேண்டும், தோளைக் குலுக்க வேண்டும். நாலு காலில் நிற்பது என்ன நினைக்கிறது என்று யாருக்குத் தெரியும்? “அது தெரியாம இருக்கறதுதாங்க்கா அழகு” என்பாள் அவள். பத்து வயதுப் பெண் இப்படிப் பேசினால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது.

ஒருமுறை அம்மாவோடு மயிலம் கோயிலுக்குப் போயிருந்தோம். படியேறி இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இந்தப் பேச்சு மறுபடி வந்தது. மடக்கிவிட்டோம் என்ற நினைப்பில், “அப்போ பிள்ளையாரை என்ன சொல்லுவே? ஆனைத் தலை, மனுஷ உடம்பு. கும்பிடறோமில்ல?” என்று கேட்டேன்.

“கும்பிடறோம். பிடிச்சு உருண்டைக்குள்ள அடைக்கறோமா?” என்றாள். “கை இருக்கறதை அடைச்சா பாவம்க்கா. அது ஆளைக் கடத்திக்கினு போற மாதிரி. அதுவுமில்லாம முருகர் மயிலைப் பாரு. சாமியே ஏறி உக்காந்தாலும் மயில் மயிலாத்தான இருக்கு.”

அம்மா பிரசாதப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, “முதல்ல இதைத் தின்னு. வாய் சும்மா இருக்கும்” என்றாள்.

அப்பா இறந்த பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அம்மா பிறந்த ஊரான திண்டிவனத்துக்கு வந்தோம். நான் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனராகச் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் நான்தான் முகம் வைப்பேன். எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பேனரில் ஒரு சிங்கம் நிற்காவிட்டால் கல்யாணமே நடக்காது போலிருக்கிறது. ஒருமுறை ஒரு சிங்கம் ரொம்ப முறைக்கிறதே என்று அதன் கண்ணைக் கொஞ்சம் இழுத்து, வாய் ஓரத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன். பேனர் வாங்க வந்தவர் உற்றுப் பார்த்துவிட்டு, “என்னாங்க இது, எங்க பெரியப்பா மாதிரி கீது?” என்றார். தங்கை இதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தாள். நான் எதைத் தொட்டாலும் அது மனுஷனாகிவிடுகிறது என்றாள்.

இந்த வேலையில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கடையில் இருக்கிற பேட்டரி பேனர் அச்சடிக்கிற மெஷினைத் தாங்கும், என் கம்ப்யூட்டரைத் தாங்காது. முதல் மாதத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலியை மூன்று முறை முதலிலிருந்து செய்தேன். செத்தவரின் வீட்டார் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் உடனே சேவ் செய்துவிடுவேன். ஒரு எழுத்தை நகர்த்தினால் சேவ். யாராவது கூப்பிட்டால் திரும்பும் முன் சேவ். யோசித்துச் செய்வதில்லை, விரல் தானாகப் போகும்.

தங்கை பாண்டிச்சேரியில் ஓவியம் படித்தாள். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ். கிளியனூர் தாண்டுவதற்குள் நோட்டில் ஒரு ஜந்து வரைந்து முடித்துவிடுவாள் என்று பெருமையடித்துக்கொள்வாள். குலுங்குகிற பஸ்ஸில் வரைந்ததால் எல்லாவற்றுக்கும் ரோமம் சிலிர்த்திருக்கும். அவளுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. புருவம் கூடாது. இடுப்பு கூடாது. முக்கியமாகக் கட்டைவிரல் கூடவே கூடாது. “கட்டைவிரல் இருந்தா எதையாவது பிடிக்கும்க்கா. பிடிச்சா வேலைக்கு அனுப்பிடுவாங்க” என்பாள்.

அவளுக்கும் கட்டைவிரல் இருந்தது. மலேசியாவில், விளையாட்டுகளுக்குப் படம் வரைந்து தருகிற ஒரு ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. ஜந்துக்களை வரைகிற வேலையேதான். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அம்மா, “மிருகம் சம்பந்தப்பட்ட வேலை” என்றாள். அவர்கள் டாக்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பக்கத்துத் தெருவில் ஆடு சினைப்பட்டால் எங்கள் வீட்டில் வந்து யோசனை கேட்கிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தக் கருவியை என்னிடம் கொடுத்தாள். “அங்க எடுத்துக்கினு போனா நான் வேலை பாக்க மாட்டேன். உனக்குத் துணைக்கு இருக்கட்டும். உருண்டைக்குள்ளயே போட்டு வெச்சிடாதக்கா. தெனம் கொஞ்ச நேரம் நடக்கவுடு. வளந்துச்சுன்னா சிவப்புப் பொத்தானை அழுத்திடு. நான் வர்ற வரைக்கும் நாலு காலிலேயே இருக்கட்டும்.”

அழுத்துவதாகச் சொன்னேன். சத்தியம் கேட்டாள். செய்தும் கொடுத்தேன்.

மறுநாள் பைபாஸில் சென்னை பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தபோது, “போவட்டுமாக்கா? நீ வேணாம்னு சொன்னா போவல” என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். ‘வேணாம்’ என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அக்காவாகப் பிறந்தவளுக்குப் பெருந்தன்மை என்று ஒரு வியாதி உண்டு. “போடி. ஜல்தி ஏறு, நிக்க மாட்டான்” என்றேன். ஏறினாள். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு மதிய உணவு இடைவேளையில் குட்டியை நடக்கவிடுவது எனக்கு வேளாவேளைக்கு மாத்திரை போடுகிற மாதிரி ஆகிவிட்டது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டபடி நடப்பேன். புல்வெளியில் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து சண்டைக்கு நிற்கும். குட்டி ஜெயிக்கும், வளரும். திரை வெள்ளையாகும், அழுத்துவேன். திரும்பினால் தலையைத் தூக்கிப் பார்க்கும். அது என்ன நினைக்கிறது என்று தெரியாது. தெரியாததால் அது தங்கையை நினைப்பதாக நானே வைத்துக்கொள்வேன். அவள் சொன்ன அழகு இதுதான் போலிருக்கிறது என்று அப்போதுதான் லேசாகப் புரிந்தது. இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவாள். முதலில் நிறையப் பேசினாள், பிறகு குறைந்தது. “இங்க எல்லாத்தையும் நிக்க வைக்கச் சொல்றாங்கக்கா” என்றாள் ஒருநாள். “நாலு காலோட குடுத்தா, இதை எப்படி ஜனங்க நேசிப்பாங்கன்னு கேக்கறாங்க.” இரண்டு படங்கள் அனுப்பினாள். முதலாவது அவள் வரைந்தது: ஆற்றுச் சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் ஏதோ ஒன்று, கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இரண்டாவது, மேலே இருப்பவர்கள் சொன்னபடி மாற்றியது: அதே ஜந்து, சேற்றிலிருந்து எழுந்து, இடுப்பில் கைவைத்து, நீண்ட இமைகளோடு சிரித்தது.

“எந்தப் படம்க்கா நல்லா இருக்கு?” என்று கேட்டாள்.

நான் பேனர் கடைக்காரி. “ரெண்டாவதுடி” என்றேன்.

“சரிக்கா” என்று வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் ‘வேலையா இருக்கேன்’ என்று செய்தி வந்தது. நான் சொன்னது ஒரே வார்த்தை, அதுவும் உண்மைதான். ஆனாலும் அவள் கேட்டது என் அபிப்பிராயத்தையா? தனியாக உட்கார்ந்து நாலு காலில் வரைகிறவள், ஊரில் தன் பக்கம் ஒருத்தியாவது இருக்கிறாளா என்று கேட்டாள். எனக்கு அது உறைக்கப் பல நாட்கள் ஆனது.

அவள் கடைசியாகப் பேசிப் பதினோராவது நாள் மதியம். கடையில் யாரும் இல்லை. மெஷின் ஒரு பெரிய காதுகுத்து பேனரை மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தது. மைவாடையோடு தயிர்சாதம். குட்டி ஏதோ ஒரு வண்டை ஜெயித்தது. திரை வெள்ளையானது, மியூசிக் ஆரம்பித்தது. கட்டைவிரல் பொத்தானுக்குப் போகும்போது மேஜை மேல் இருந்த போன் அடித்தது. அவள் முகம்.

கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். வேறு என்ன செய்வேன்?

“அக்கா” என்றாள். அவ்வளவுதான். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் மியூசிக் ஓடிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம்தான். கண்ணை அவளிடமிருந்து எடுக்க முடியவில்லை. மியூசிக் முழுதாக ஓடி, கடைசியில் ஒரு தாளத்தோடு முடிந்தது.

“என்னாக்கா சத்தம்?”

“மெஷின்டி” என்றேன்.

கொஞ்சம் நிறுத்திவிட்டு, “சாப்ட்டியா?” என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசினோம். சிங்கப் பெரியப்பாவை ஞாபகப்படுத்திச் சிரித்தோம். வைத்த பிறகுதான் கருவியைக் கையில் எடுத்தேன். அது நின்றுகொண்டிருந்தது. மார்பில் கை கட்டி, புருவத்தோடு, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு. எனக்குப் பிடித்த மாதிரியே இருந்தது.

அதற்குள் என் விரல் தன் வேலையைச் செய்துவிட்டது. சேவ்.

சேவ் செய்யாமல் கருவியை அணைத்திருந்தால், திரும்பப் போட்டதும் பழைய குட்டியே நாலு காலில் நின்றிருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த மூளை வருவதற்குள் பழகின விரல் போய்விட்டது. இத்தனை வருடம் கண்டவர்களின் பெரியப்பாக்களைக் காப்பாற்றின பழக்கம் அன்றைக்கு என் காலை வாரிவிட்டது. மெஷின் நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கடைசியில், “குட்டி எப்டிக்கா கீது?” என்று கேட்பாள். “நடக்குதுடி” என்பேன். பொய் இல்லை. நடந்தது.

போன மாதம் பத்து நாள் விடுமுறையில் வந்தாள். ஆள் நன்றாக இருந்தாள். முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள். முன்பு தரையில் உருண்டு கிடப்பவள், இப்போது நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அம்மா தோசை வைத்தபோது “தேங்க்ஸ்மா” என்றாள். அம்மா சமையலறைக்கு வந்து, “என்னாடி இவ, எனக்குப் போய் தேங்க்ஸ் சொல்றா?” என்று என்னிடம் வருத்தப்பட்டாள். நாங்கள் ஆசைப்பட்டபடிதான் வளர்ந்திருந்தாள். நல்ல வேலை, தெளிவான பேச்சு, எதற்கும் கலங்காத முகம். அந்தப் பழைய தரையில் கிடக்கிற பெண் எனக்கு வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

கருவியைப் பற்றி அவள் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பேஜாராக இருந்தது. எட்டாம் நாள் காலையில், தாங்க முடியாமல் நானே பீரோவிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன். “நின்னுட்ச்சுடி” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் திரையைப் பார்த்தாள். கொஞ்ச தூரம் நடக்கவிட்டாள். நின்று திரும்பினாள். அது நேராகப் பார்த்தது.

“எனக்குத் தெரியும்க்கா” என்றாள். “அன்னைக்குப் போன்ல கேட்டுச்சே. நீ அழுத்தியிருந்தா பாதில அறுந்திருக்கும். முழுசா ஓடிச்சு.”

“தெரிஞ்சுக்கினு ஏன்டி கேக்கல?”

“கேட்டா, நான் போன் பண்ணதாலதான்னு உனக்குத் தோணும். அப்புறம் நான் கூப்புடும்போதெல்லாம் அது ஞாபகம் வரும் உனக்கு.” பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். “வால் வெளிச்சம் அப்படியே கீது பாரு. இதை வரைஞ்ச எவனோ ஒருத்தன் அதை மட்டும் எடுக்காம வுட்டிருக்கான். நான் வரையறதுலயும் இப்ப அப்படித்தான் ஏதாவது ஒண்ணை ஒளிச்சு வெக்கறேன்.”

அன்று முழுக்க அவள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து அதை நடக்கவிட்டாள். குப்புறப் படுக்கவில்லை. முதுகு வலிக்கிறது என்றாள்.

பத்தாம் நாள் மறுபடியும் பைபாஸ், மறுபடியும் சென்னை பஸ். கருவி என் பையில் இருந்தது. இந்த முறை கேள்வி எதுவும் இல்லை. “போய்ட்டு வர்றேன்க்கா, அம்மாவைப் பாத்துக்கோ” என்று பெட்டியின் கைப்பிடியை இழுத்தாள். பஸ் தூரத்தில் தெரிந்தது.

“போவாதடி” என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் சொல்லிவிட்டேன். அவள் பெட்டியை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோள் என் தோளுக்குச் சரியாக இருந்தது. எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று தெரியவில்லை. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியாத குரலில் காதோடு சொன்னாள்:

“மியூசிக் முடிஞ்சிட்ச்சுக்கா.”

பஸ் நின்றது. கண்டக்டர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, குனிந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் கீழே நின்று, தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.